கம்பி அறுந்தாலும் சிவப்பு

1861 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் பிரைட்டனிலிருந்து லண்டன் போகும் பாதையில், 2 கிலோமீட்டர் நீளமுள்ள கிளேட்டன் சுரங்கத்தின் தெற்கு வாயிலில் காவலுக்கு இருந்த சிக்னல்காரர் கில்லிக். அன்று அவருக்குத் தொடர்ந்து 24 மணி நேர வேலை. வடக்கு வாயிலில் இன்னொரு சிக்னல்காரர். இருவருக்கும் இடையே பேச்சு தந்தி வழியாகத்தான்.

பிரைட்டனிலிருந்து சில நிமிட இடைவெளியில் மூன்று ரயில்கள் கிளம்பின. முதல் ரயில் கடந்ததும் சிக்னல் தானாகவே 'நில்' நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. கில்லிக் சிவப்புக் கொடியோடு ஓடுவதற்குள் இரண்டாவது ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர் கொடியைப் பார்த்துவிட்டார். உள்ளே போய் ரயிலை நிறுத்தி, பின்னோக்கி நகர்த்தவும் தொடங்கினார். இது கில்லிக்குக்குத் தெரியாது. "சுரங்கம் காலியா?" என்று தந்தியில் கேட்டார். முதல் ரயிலைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்த வடக்குப் பக்கத்துக்காரர் "காலி" என்றார். மூன்றாவது ரயிலுக்கு 'போகலாம்' என்று வெள்ளைக் கொடி அசைந்தது. பின்னோக்கி வந்த ரயிலில் அது மோதியது. இருட்டுக்குள் 23 பேர் செத்தார்கள்.

ரயில் டிரைவர், முன்னே இருக்கும் தடையைக் கண்ணால் கண்ட பிறகு பிரேக் போட்டுத் தப்பிக்க முடியாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம், பிடிமானம் குறைவு. வேகமாகப் போகும் ரயில் நிற்க ஒரு கிலோமீட்டர்கூடத் தேவைப்படலாம். ஆகவே அவர் சிக்னலை நம்பித்தான் ஓட்டுகிறார். தொடக்க காலத்தில் அந்த சிக்னல் சொன்னது முன்னே போன ரயில் கிளம்பி எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை மட்டுமே. அது இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. ஒரு பிளாக்கில், அதாவது பாதையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் என்ற விதி பரவலாக வேரூன்றியது கிளேட்டன் போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. எந்தக் கருவியும் ஒருநாள் பழுதாகும். அப்போது சிக்னல் எதைக் காட்ட வேண்டும்? கிளேட்டனில் பழுதான சிக்னல் 'போகலாம்' என்றது. 1876 ஜனவரியில் இங்கிலாந்தின் அபட்ஸ் ரிப்டனில், லீவரைத் திருப்பிய பிறகும் கைகாட்டிகள் பனியில் உறைந்து 'போகலாம்' நிலையிலேயே நின்றன. அங்கேயும் ரயில்கள் மோதின. கெட்டுப்போனாலும் பொய் சொல்லக் கூடாது என்பதே அதன்பின் இந்தத் துறையின் உயிர்நாடியானது.

நம் ஊர்ப் பழைய கைகாட்டியிலேயே இதைப் பார்க்கலாம். கேபினிலிருந்து கம்பியை இழுத்துப் பிடித்திருக்கும் வரைதான் கை இறங்கி நிற்கும். கம்பி அறுந்தால் எதிர் எடை அதைக் கிடைமட்டத்துக்குத் தள்ளி 'நில்' என்று காட்டிவிடும். 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டிலும் இதே எண்ணம்தான். தண்டவாளத்தின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச். மின்சாரம் ஓடும் வரை ரிலே தூக்கிய நிலையில் நிற்கும், பாதை காலி என்று பொருள். ரயில் வந்ததும் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடுவதால் ரிலேவுக்கு மின்சாரம் போகாது. அது விழும், சிக்னல் சிவப்பாகும். பேட்டரி தீர்ந்தாலும், ஒயர் அறுந்தாலும், தண்டவாளம் முழுதாக முறிந்தாலும் சிவப்புதான். இத்தனை எளிய பொருள்களை வைத்து இவ்வளவு நேர்மையான ஒரு கருவியை மனிதன் செய்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

இன்னொரு காவல் இன்டர்லாக்கிங். ரயிலைத் தடம் மாற்றும் பாயின்ட், பக்கத்தில் பிரியும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தால் மெயின் லைன் சிக்னலின் லீவரை இழுக்கவே முடியாது. கேபினுக்குள் இரும்புப் பட்டைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி 1856இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பட்டைகள் செய்த வேலையைப் பின்னர் ரிலேக்களும் இப்போது கணினிகளும் செய்கின்றன. இந்தியாவில் 6,000க்கும் மேற்பட்ட நிலையங்களில் மின் அல்லது மின்னணு இன்டர்லாக்கிங் வந்துவிட்டது.

அப்படியானால் 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் என்ன நடந்தது? சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை. பாயின்ட்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். லெவல் கிராசிங் கேட் வேலைக்காகவும் அதற்கு முன்பும் சிக்னல் சர்க்யூட்டில் மாற்றங்கள் செய்தபோது நேர்ந்த குறைபாடுகளே காரணம் என்றது ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. அதே கரக்பூர் கோட்டத்தில், 2022 மே மாதத்தில் இன்னொரு நிலையத்தில் தவறான ஒயரிங்கால் இதுபோல் நடந்திருந்தது. அப்போதே சரிசெய்திருந்தால் இந்த விபத்து நேர்ந்திருக்காது என்றும் அறிக்கை சொன்னது. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

'கவச்' என்ற பாதுகாப்பு அமைப்பு வந்தால் எல்லாம் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். சிவப்பைத் தாண்டும் ரயிலை அது தானாகவே பிரேக் போட்டு நிறுத்தும், அது வேண்டியதுதான். ஆனால் பாதை எப்படித் திரும்பியிருக்கிறது என்ற தகவல் அதற்கு இன்டர்லாக்கிங்கிலிருந்துதான் கிடைக்கிறது. அந்தத் தகவலே பொய்யானால் கவச் என்ன செய்யும்? பாஹாநகா விபத்துக்குப் பிறகு, சிக்னல் ரிலேக்கள் இருக்கும் அறைகளுக்கு இரட்டைப் பூட்டு போட உத்தரவு வந்தது. பூட்டோடு நேரமும் வேண்டும். ஒயரைத் தொட்ட டெக்னீஷியன், பாயின்ட் உண்மையில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தண்டவாளத்துக்கே போய் ஒவ்வொன்றாகப் பார்த்து, சிக்னலோடு ஒப்பிட்ட பிறகே ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். ரயில் தாமதமாகிறது, சீக்கிரம் முடி என்று அந்த நேரத்தில் அவரை யாரும் விரட்டக் கூடாது.