காற்றும் மேடும்

மதுரையிலிருந்து கோடைக்கானலுக்குக் காரில் புறப்படும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கூரையின்மேல் பெட்டி படுக்கைகள் கட்டப்பட்டுள்ளன. வத்தலக்குண்டு வரை சமவெளி, வண்டி பறக்கிறது. அப்பால் பழனி மலைத் தொடர், வண்டி ஊர்கிறது. முன்னதில் பெட்ரோலைப் பெரிதும் விழுங்குவது காற்று, பின்னதில் மேடு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே சிக்கனம் செய்ய வல்லார்.

காற்றுக்கும் எடை உண்டு. தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் இருக்கும். வண்டி அதனை விலக்கிக்கொண்டே செல்ல வேண்டும். வேகம் இரு மடங்கானால், ஒரு நொடியில் எதிர்ப்படும் காற்று இரு மடங்கு; அதனைத் தள்ளும் விரைவும் இரு மடங்கு. ஆகவே எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் எதிர்ப்பு, 90 கிலோமீட்டரில் ஒன்பது மடங்கு!

மலைச்சாலையின் கணக்கு வேறு. 1200 கிலோகிராம் எடையுள்ள காரைச் சுமார் 1800 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டுமே ஏறக்குறைய இரண்டரை லிட்டர் பெட்ரோல் செலவாகும். ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அங்கே காற்றின் தடை அற்பமே.

ஏறும்போது செலவிட்டதை இறங்கும்போது மீட்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். ஒருமுறை நான் ஏறிவந்த வண்டியின் ஓட்டுநர், எஞ்சினை நிறுத்திவிட்டே வளைவுகளில் இறங்கினார். பாதி வழியில் பிரேக் கருகும் நாற்றம் எழுந்தது. வண்டியை ஓரங்கட்டி, அது ஆறும்வரை காத்திருந்தோம். சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். பள்ளத்தாக்கின் விளிம்பில் அதன் பொருள் யாதென விளக்க வேண்டுவதில்லை. அந்தச் சிக்கனமும் வீண். இக்காலத்துப் பெட்ரோல் கார்களில், கியரிலேயே இறங்கி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எரிபொருள் வரத்துத் தானே நின்றுவிடும். எஞ்சினும் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

அங்ஙனமாயின் எங்கே மிச்சப்படுத்துவது? சமவெளியில்தான். கூரைச் சுமையை உள்ளே வையுங்கள். வெறும் கேரியரையும் கழற்றிவிடுங்கள். விரைந்து செல்லுகையில் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். 90 கிலோமீட்டர் வேகத்தை 70 ஆகக் குறைத்தால், காற்றின் எதிர்ப்பில் பத்தில் நான்கு பங்கு குறையும். 60 கிலோமீட்டர் தூரத்துக்குக் கூடுதலாகும் நேரமோ 11 நிமிடமே.

மலையேறத் தொடங்கியதும் கண்ணாடிகளைத் தாராளமாக இறக்கிவிடுங்கள். அந்தக் குளிர்காற்றுக்குப் பெட்ரோல் கணக்கில் விலை ஏதுமில்லை. இறங்கும்போது மட்டும் கியரை விட்டுவிடாதீர்கள்.