சாந்து காணாத சுவர்

சிமென்ட்டோ சுண்ணாம்போ இல்லாமல் கல்லை அடுக்கினால் சுவர் நிலைக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிலைக்கும். ஒற்றை மனிதர் கட்டியதையே சான்றாகக் காட்டலாம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கிரிஃபித் நகரை ஒட்டியுள்ள சீனிக் ஹில் குன்றில் இருக்கிறது, 'துறவிக் குகை' எனப்படும் அந்தக் குடியிருப்பு. கட்டியவர் வலேரியோ ரிச்செட்டி. இத்தாலியின் சொந்தாலோ ஊர்க்காரர். 1914இல் ஆஸ்திரேலியா வந்தவர். பிழைப்புக்காகப் பல இடங்களில் அலைந்து, மனிதர்களே வேண்டாமென்று ஒதுங்கி, 1929 வாக்கில் இங்கே தங்கிவிட்டார். பாறை இடுக்குகளைச் சமையலறையாகவும் படுக்கையறையாகவும் மாற்றினார். படிகள், நடைபாதைகள், தோட்டத்துக்கான அடுக்குகள் எல்லாம் அவர் கைவேலை. யார் கண்ணிலும் படக் கூடாதென்று இருட்டிலேயே வேலை செய்தாராம்.

அவர் பிறந்த ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கிலும் இப்படித்தான், மலைச்சரிவில் சாந்தில்லாமல் கல் அடுக்கித் திராட்சை பயிரிடுகிறார்கள். அடி அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகலாகவும் கட்டுவார்கள். இரண்டு கற்கள் சேருமிடத்தின் மேல் மூன்றாவது கல் உட்காரும். இடையிடையே நீளக் கற்களைச் சுவருக்குக் குறுக்கே படுக்க வைப்பார்கள். அடுப்புக் கல் ஆடாமலிருக்க என் பாட்டி அடியில் ஓட்டுச் சில்லு செருகுவார். அப்படியே இந்தச் சுவரிலும் இடுக்குகளில் சிறுகற்களை இறுக்குவார்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது சுவரின் ஓட்டைகள்தான். சரிவில் மண்ணைத் தாங்கும் சுவருக்கு முதல் எதிரி தண்ணீர். மழையில் ஊறிய மண்ணுக்குள் நீர் தேங்கி, சுவரை முன்னே தள்ளும். சாந்தில்லாத சுவரோ மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை மட்டும் கசியவிடும். தரை சற்று அசைந்தாலும் கற்கள் நகர்ந்து மறுபடி அமரும். மழை குறைவான கிரிஃபித்தில், ரிச்செட்டி நீரைச் சேர்த்து வைக்கத் தொட்டிகளும் அமைத்தார்.

இரண்டாம் உலகப் போரில் அவரை முகாமில் அடைத்தார்கள். 1952இல் இத்தாலி திரும்பி, அங்கேயே காலமானார். அவர் குடியிருப்பு இன்று மாநில மரபுச் சின்னம். சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை 2018இல் யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் ஏற்றினால் மட்டும் போதாது. பழுதுபார்க்கிறேன் என்று இப்படிப்பட்ட சுவரின் இடுக்குகளைச் சிமென்ட்டால் அடைப்பது, மூச்சை அடைப்பதற்குச் சமம். சரிந்த கல்லை எடுத்து, அடுக்கத் தெரிந்தவரைக் கொண்டு திரும்ப அடுக்குங்கள். அதற்குக் கலவைச் சட்டி தேவையில்லை, பொறுமை போதும்.