கடைசிச் சைக்கிளில் வருபவர் யார்?

சென்ற மாரிக்குச் சற்று முன்னர், முல்லைத்தீவுப் பக்கத்து மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றிலிருந்து இளைஞர் சிலர் எம்மைத் தேடி வந்தனர். இரண்டு பேரிடம் கியர் பூட்டிய மலைச் சைக்கிள்கள் இருந்தன. மற்றவர்களிடம் சாதாரண லுமாலாச் சைக்கிள்கள். இடம்பெயருமுன் தமது பெற்றோர் வாழ்ந்த பழைய வயற்குடியிருப்புக்குக் காட்டுப்பாதையால் கூட்டமாகப் போய்வர வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். வழி தெரியுமா என்று கேட்டோம். தெரியும் என்றனர். எப்போது போகப் போகிறீர்கள் என்று கேட்டோம்.

"மழைக்குள்ளை போனால்தான் பாதர் நல்லாயிருக்கும். சேத்துக்குள்ளாலை ஓடலாம்" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தனர்.

எமக்குச் சிரிப்பு வரவில்லை. 2002 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், அது போன்ற ஒரு பாதையில் நாம் பட்ட பாடுதான் கண்முன் வந்தது.

அதைச் சொல்லுமுன், சேற்றில் சைக்கிள் ஓடுவது வேலையற்ற பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைக்கின்ற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. எமது மக்கள் அதை ஆசைக்காகச் செய்யவில்லை. 1990 இன் பின்னர் வடக்கிற்கு எரிபொருள் வராமல் தடுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில் நெல்லும் விறகும் நோயாளியும் சைக்கிளிலேயே போயின. 1997 இல் ஏ-9 வீதியை அண்டிய ஊர்கள் போர்க்களமானபோது, எத்தனையோ குடும்பங்கள் பெட்டி படுக்கையைக் கரியரிலும் பிள்ளையைப் பாரிலும் வைத்துக் காட்டு வழிகளால் உருட்டிச் சென்றன. இதை வாசிக்கின்ற உங்களில் பலருக்கு நாம் சொல்லித்தான் அது தெரிய வேண்டும் என்பதில்லை.

மலைச் சைக்கிளும் பணக்காரப் பொருளாகப் பிறந்ததல்ல. 1970 களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள தமல்பைஸ் மலைப்பகுதியில், சில இளைஞர்கள் பிறர் கழித்துவிட்ட பழைய பாரச் சைக்கிள்களை எடுத்து மண்பாதைகளில் ஓடினர். தடித்த ரயர், ஒரே கியர், பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கின்ற பிறேக். செங்குத்தான ஓர் இறக்கத்தில் இறங்கி முடிந்ததும் அந்தப் பிறேக்கின் கிறீஸ் எரிந்து புகைந்துவிடும். கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைத்தால்தான் மறுமுறை இறங்கலாம். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபாக்', அதாவது மறுபடி அடைத்தல், என்று பெயர் வந்தது. 1976 ஒக்ரோபர் 21 ஆம் திகதி அங்கே முதற் போட்டி நடந்தது. அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே ஒரு சட்டத்தைச் செய்தார். 1996 இல் இது ஒலிம்பிக் விளையாட்டாயிற்று. கியரும் ஸ்பிரிங்கும் பிறகு வந்து சேர்ந்தவை. தொடக்கத்தில் இருந்தது பழைய இரும்பு.

எமக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு சரித்திரம். 1897 இல் அமெரிக்க இராணுவத்தின் 25 ஆவது காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த 20 கறுப்பினப் படைவீரர்கள், ஜேம்ஸ் மொஸ் என்ற அதிகாரியின் கீழ், மொன்ரானாவிலிருந்து சென் லூயிஸ் நகர்வரை சைக்கிளில் சென்றனர். ஏறத்தாழ 1900 மைல். எடுத்த நாட்கள் 41. வழியில் மழை பெய்தபோது அந்த நாட்டுக் களிமண் சில்லுகளில் அப்பிக்கொண்டு சைக்கிளை அசையவிடவில்லை. இறங்கி, புகையிரதப் பாதையின் சிலிப்பர்க் கட்டைகளின் மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தனர். பயிற்சி பெற்ற படைவீரர்களே இறங்கி நடந்தார்கள். சேற்றில் இறங்கி உருட்டுவது வெட்கம் என்று நினைக்கின்ற தம்பிமார் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி எமது கதை. 2002 மாசியில் போர்நிறுத்தம் வந்து, சித்திரையில் ஏ-9 வீதியும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. மல்லாவிப் பக்கம் கொட்டில்களில் இருந்த குடும்பங்கள் தமது காணிகளைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தன. மாங்குளத்துக்குக் கிழக்கே, காட்டோரத்தில், ஒரு சிறு குளத்தின் கீழ் அவர்களது வயல்கள். குளக்கட்டு நிற்கின்றதா, துருசு வேலை செய்யுமா, அடுத்த காலபோகத்துக்கு விதைக்கலாமா என்று அறியவேண்டும். நாம் இளவயதினர், களப்பணிக்குப் புதியவர்கள். ஆர்வம் இருந்த அளவுக்கு அனுபவம் இருக்கவில்லை. மாங்குளம் வரை உழவு இயந்திரப் பெட்டியில் சைக்கிள்களை ஏற்றிச் சென்றோம். அங்கிருந்து 9 கட்டை காட்டுப்பாதை. 19 பேர், 17 சைக்கிள்கள். முதல் நாள் இரவு முழுவதும் மழை.

பாதையில் மிதிவெடி இல்லை என்று பார்த்துச் சொல்லியிருந்தார்கள். பாதையின் இருபுறமும் பார்க்கப்படவில்லை. இந்த ஒன்றைத்தான் புறப்படும்போது எல்லோருக்கும் சொன்னோம். மற்றபடி ஒன்றையும் ஒழுங்கு செய்யவில்லை. வழி தெரிந்தவர் முன்னே போனால் மற்றவர்கள் பின்னே வருவார்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

ஒரு கட்டைக்குள்ளேயே கூட்டம் நூல் அறுந்த மாலை போலாயிற்று. இளைஞர்கள் பறந்தார்கள். வயதானவர்களின் சைக்கிள்களில் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் களி இறுகிச் சில்லு சுற்ற மறுத்தது. ஒருவர் குச்சியால் தோண்டுவார், பத்து யார் போவார், திரும்பவும் இறங்குவார். முன்னால் நின்ற எமக்கு இது தெரியாது. குளக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஆட்களை எண்ணியபோது 17 பேர். எழுபது வயதை எட்டிய ஒரு முதியவரும் அவருடைய பேரனும் இல்லை.

அவர்கள் பாலை மரத்தடிப் பிரிவில் தவறான வண்டிப்பாதையில் திரும்பியிருந்தார்கள். நாம் திரும்பிச் சென்று, கத்திக் கூப்பிட்டு, கண்டுபிடித்தபோது பொழுது மங்கிவிட்டது. யானை இறங்குகின்ற நேரம். பாதையின் நட்டநடுவில், தாம் வந்த சில்லுத் தடத்தின் மேலேயே, இருவரும் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். இளைப்பாற ஒரு மரநிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை.

"அப்பு அசையவேண்டாம் எண்டு சொன்னவர்" என்றான் பையன். அவனுக்கு ஒன்பது வயது. முதியவர் எம்மை ஏசவில்லை. ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். "கடைசியிலை ஆரும் வருவினம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் பாதர்" என்று மட்டும் சொன்னார். கடைசியில் எவரும் இருக்கவில்லை. கடைசி ஆளே அவர்தான்.

இரண்டு கிழமை கழித்து அதே பாதையால் மறுபடி போனோம். அந்த முதியவரும் வந்தார். வரவேண்டாம் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. இம்முறை புறப்படுவதற்கு முதல் நாள் மாலை எல்லோரையும் இருத்திப் பேசினோம். அன்று பழகிய ஒழுங்கையே பிற்காலத்தில் பல ஊர்களிலும் கைக்கொண்டோம். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

கடைசிச் சைக்கிளில் வருபவரை முதலில் தெரிவு செய்தோம். வழிகாட்டியைப் பிறகே தெரிவு செய்தோம். கடைசி ஆள் பலசாலியாய், பொறுமைசாலியாய், சைக்கிள் திருத்தத் தெரிந்தவராய் இருக்கவேண்டும். எமது கூட்டத்தில் முகாமில் சைக்கிள் கடை வைத்திருந்த ஓர் அண்ணர் இருந்தார். பம்பும், ஒட்டுத் துண்டுகளும், சொலூசனும், ஸ்பானரும், ஒரு பழைய ரியூப்பும் அவர் பையில். அவரை முந்தி எவரும் பின்தங்க முடியாது. அவருக்குப் பின்னால் எவரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் குளக்கட்டுக்கு வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

பிரிவுகளில் என்ன செய்வது? இதற்கு ஓர் எளிய முறை உண்டு. பாதை பிரிகின்ற இடத்தில் வழிகாட்டிக்கு அடுத்ததாக வருபவர் இறங்கி நின்றுகொள்வார். வருகின்ற ஒவ்வொருவருக்கும் சரியான பாதையைக் காட்டுவார். கடைசி ஆள் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் அடுத்தவர் நிற்பார். வழிகாட்டிக்குப் பின்னாலிருக்கும் இடம் இப்படி மாறிக்கொண்டே போகும். மலைச் சைக்கிள் குழுக்களும் இந்த முறையைக் கையாளுகின்றன. இதில் ஒரு நன்மை, முன்னால் பறக்கின்ற இளைஞர்தான் நிற்கவேண்டி வருவார். பறப்பு தானாகவே குறையும்.

சைக்கிளைப் பொறுத்தவரை, களிமண் பாதைக்கு மட்காட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது உத்தமம். முதுகில் சேறு அடிக்கும், அடிக்கட்டும். ரயரில் காற்றைச் சிறிது குறைத்தால் வழுக்கல் குறையும். ஆனால் கரியரில் பாரம் இருந்தால் குறைக்கக்கூடாது. வேரிலும் கல்லிலும் அடிபட்டு ரியூப் கிழியும். பாரத்தைக் கரியரின் மேல் அடுக்காமல், இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிடவேண்டும். நனைந்த றிம்மில் பிறேக் பிடிக்காது. ஆகவே இறக்கங்களில் ஆளுக்காள் நல்ல இடைவெளி வேண்டும். வீடு திரும்பியதும் செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் விடாமல் படுக்கப் போகக்கூடாது. களைப்பில் எல்லோரும் செய்கின்ற தவறு இதுதான், நாமும் செய்திருக்கின்றோம்.

நேரத்தையும் மாற்றினோம். விடியப் புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று தீர்மானித்தோம். குளத்தைக் காணாவிட்டாலும் திரும்புவது. இந்தத் தீர்மானத்தைப் புறப்படுமுன்னரே எடுக்கவேண்டும். காட்டின் நடுவில் நின்று எடுக்க முடியாது.

பாதையைப் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளக் குழியைக் கண்டால் ஓரத்தால் சுற்றிப்போவது மனித சுபாவம். பத்துப் பேர் சுற்றினால் பாதை அகலும், பற்றை மிதிபடும், அடுத்த மழைக்குக் குழியும் அகலும். 1988 இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச மலைச்சைக்கிள் சங்கம், ஈரப்பாதை எளிதில் பழுதாகும் என்று தன் உறுப்பினருக்குக் கற்பித்து வருகின்றது. சேற்றில் விழுகின்ற சில்லுத் தடம் வெயிலில் காய்ந்து கல்லாகின்றது. பிறகு அதில் கால் பிரளுவது விறகுக்குப் போகின்ற அம்மாவுக்கும் மாட்டுக்கும்தான். எமக்கோ அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஓரம் பார்க்கப்படாத நிலம். ஆகவே குழிக்கு முன்னால் இறங்கி, தடியால் ஆழம் பார்த்து, நடுவாலேயே உருட்டிச் சென்றோம், முழங்கால் அளவு சேறானாலும்.

அந்தக் காரணம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. இலங்கை 2017 மார்கழியில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. நிலங்களைத் துப்புரவாக்கி முடிப்பதற்கு அதற்கு விதிக்கப்பட்ட காலக்கெடு 2028 ஆனி. வெள்ளம் மிதிவெடியை இடம்பெயர்க்கவும் கூடும். மண்டையோட்டுப் பலகை விழுந்து கிடந்தாலும் பலகைதான். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்கவேண்டும்.

அந்த இரண்டாம் பயணத்தில் 9 கட்டைக்கு மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஒருவரும் தவறவில்லை. குளக்கட்டு ஓரிடத்தில் உடைந்திருந்தது, துருசு தப்பியிருந்தது. முதியவர் தமது வயலின் மூலையில் நின்ற முதிரை மரத்தைக் கண்டுகொண்டு, அதிலிருந்து வரம்பை எட்டுப் போட்டு அளந்தார். வயல் எங்கும் பற்றை. அவர் அளந்த கணக்கு, பின்னர் உறுதியோடு ஒப்பிட்டபோது, பெரிதாகப் பிசகவில்லை.

இவ்வளவையும் அந்த இளைஞர்களுக்குச் சொன்னோம். பிறகு ஒரு கேள்வி கேட்டோம்: கடைசிச் சைக்கிளில் வருபவர் யார்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். கியர் சைக்கிள்காரர் இருவரும் நிலத்தைப் பார்த்தனர். கடைசியில், அதுவரை வாய் திறக்காத ஒரு பிள்ளை, தகப்பனின் சைக்கிள் கடையில் ஒட்டுப்போடப் பழகியவள், "நான் வாறன் பாதர்" என்றாள்.

மழை விட்டு மூன்று நாள் வெயில் எறித்த பிறகுதான் போவது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். பாதையில் பலகைகள் உண்டா என்று கிராம அலுவலரிடம் கேட்டுவரவும் ஒருவனை அனுப்பினார்கள். இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் மழையால் தள்ளிவைத்தார்கள். மூன்றாம் முறை நாள் குறித்தபோது அவள் எமது பணியகத்துக்கு வந்து, பம்பின் தோல் வாசர் தேய்ந்துவிட்டது, வவுனியா போகின்றவர்களிடம் சொல்லி ஒன்று எடுப்பித்துத் தாருங்கள் என்று கேட்டாள். எடுப்பித்துக் கொடுத்தோம்.