உறங்கும் அறச்சொத்து

பினாங்கு ஜார்ஜ் டவுனில், பெரியவர்கள் இன்னும் பிட் தெரு என்றே சொல்லும் சாலையில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. அதற்கான நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத் 1801 நவம்பரில் வழங்கினார். அப்போது 18 ஏக்கர் ஒரு பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. ஊரே அன்றுதான் உருவாகிக்கொண்டிருந்தது. இன்றோ அது நகரத்தின் நடு இதயம். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து இங்கே சூலியா (தென்னிந்திய முஸ்லிம்) மக்களின் தலைவரான காதர் முகைதீன்தான் அந்தக் கப்பித்தான். அவர் 1834இல் காலமானார். அவர் காலத்து மனிதர் ஒருவரும் இன்று இல்லை. ஆனால் அன்று தொடங்கிய வக்ஃபு, அதாவது இஸ்லாமிய அறக்கொடை, இன்னும் இருக்கிறது. கடைக்காரர்கள் வாடகை தருகிறார்கள், அந்த வாடகை தொழுகைக்கும் பராமரிப்புக்கும் போய்ச் சேருகிறது.

இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். கொஞ்சம் நின்று யோசித்தால் வியப்பு கூடும். செத்துப்போனவரால் ஒரு காசு வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. ஆனால் அவர் ஒரு நாள் எழுதிவைத்த விருப்பம் மட்டும் இருநூறு ஆண்டுகள் நிலத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, ஆட்களை நியமிக்கிறது, கணக்குக் கேட்கிறது. மனித குலம் கண்டுபிடித்த கருவிகளில் இதைப் போல நீண்ட ஆயுள் கொண்டவை மிகக் குறைவு. அந்தக் கருவி எப்படி இயங்குகிறது, ஏன் சில சமயம் நின்றுபோகிறது, நின்றதை எப்படி மறுபடி ஓட வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சாகாவரம் யாருக்கு?

எல்லா விருப்பத்துக்கும் சட்டம் இப்படிச் சாகாவரம் தருவதில்லை. அதற்கான எல்லைக்கோட்டை வரைந்த வழக்குகளில் ஒன்று பினாங்கிலிருந்தே போனது. இவ்வூரில் வாழ்ந்த சீனப் பெண்மணி ஒருவர் தம் உயிலில், முன்னோர் வழிபாட்டுச் சடங்குகளுக்காக ஒரு வீட்டை என்றென்றைக்கும் ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1875இல் தீர்ப்பு வந்தது: அந்தச் சடங்கால் பயன் பெறுவது ஒரு குடும்பம் மட்டுமே, ஆகவே அது அறக்கொடை ஆகாது, முடிவில்லாத காலத்துக்கு ஒரு சொத்தை அதற்காகக் கட்டிப்போட முடியாது. யியாப் சியா நியோ எதிர் ஓங் செங் நியோ என்ற அந்த வழக்கைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு ஒரு பக்தியை மதிக்கத் தவறியது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதன் உள்ளே இருக்கும் பேரம் கவனிக்கத்தக்கது. ‘உன் சொத்தை என்றென்றைக்கும் காப்பாற்றித் தருகிறேன், பதிலுக்கு அதன் பயன் பொதுமக்களுக்குப் போக வேண்டும்’ என்று சமூகம் கொடையாளியிடம் சொல்கிறது. பயன் போகாமல் நின்றுவிட்டால் பேரத்தில் ஒரு பாதி முறிகிறது. உறங்கும் அறச்சொத்தைப் பற்றி ஊரார் கேள்வி கேட்பதற்கான உரிமை இங்கிருந்துதான் பிறக்கிறது.

வளர்வதும் கரைவதும்

கப்பித்தான் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், உலகின் மறு மூலையில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு சோதனையைத் தொடங்கி வைத்தார். 1790இல் இறந்த அவர், பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா ஆயிரம் பவுன் விட்டுச் சென்றார். தொழில் பழகி முடித்து மணமான, 25 வயதுக்குட்பட்ட கைவினைஞர்களுக்கு அதை 5 சதவீத வட்டியில் கடன் கொடுக்க வேண்டும். நூறு ஆண்டு கழித்து ஒரு பகுதியை ஊருக்குச் செலவழித்து, மீதியை இன்னொரு நூறாண்டு வளர விட வேண்டும். ஆயிரம் பவுன் நூறு ஆண்டில் 1,31,000 பவுன் ஆகும் என்று அவர் கணக்குப் போட்டார். கூட்டு வட்டிக் கணக்கில் அது சரிதான்: 1.05ஐ நூறு முறை பெருக்கினால் 131க்குச் சற்று மேல் வரும்.

நடந்தது வேறு. இயந்திரத் தொழிற்சாலைகள் வந்ததும் பழைய முறையில் தொழில் பழகும் பையன்களே அருகிப் போனார்கள். கடன் கேட்டு வர ஆளில்லை. நோக்கம் மறைந்தது, பணம் மிஞ்சியது. இருநூறு ஆண்டு முடிந்த 1990இல் பாஸ்டன் நிதி ஏறத்தாழ 50 லட்சம் டாலர், பிலடெல்பியா நிதி ஏறத்தாழ 20 லட்சம் டாலர். ஒரே தொகை, ஒரே நாள், ஒரே உயில். நிர்வகித்த கைகள் மட்டும் வேறு. முதல் நூற்றாண்டில் சேர்ந்ததைக் கொண்டு பாஸ்டன் ஒரு தொழிற்கல்விக்கூடத்தை எழுப்பியது. கைவினைஞன் போய்விட்டாலும் தொழில் கற்க விரும்பும் ஏழை இளைஞன் இருக்கிறான் என்று அங்கே யாரோ சரியாக யோசித்தார்கள்.

கூட்டு வட்டி எந்தப் பக்கமும் வேலை செய்யும். வட்டி இல்லாத வங்கிக் கணக்கில் ஒரு தர்ம நிதி கிடக்கிறது, விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 23 அல்லது 24 ஆண்டில் அந்தப் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். இன்னொரு 23 ஆண்டில் கால் பங்கு. யாரும் திருடவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை; ஆனாலும் நூறு பிள்ளைகள் படித்திருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து பேர்தான் படிக்க முடியும். உறங்கும் பணம் பத்திரமாக இருப்பதாக நினைப்பது பெரிய தவறு.

நிலத்துக்கு இந்த ஆபத்து குறைவு. அதனால்தான் நம் முன்னோர் பணத்தைவிட நிலத்தையும் கடை வீட்டையும் எழுதி வைத்தார்கள். ஆனால் நிலத்தையும் உறங்க வைக்கலாம் என்று ஜார்ஜ் டவுன் காட்டியது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன்பு கட்டிய வீடுகளின் வாடகையை உறைய வைத்தது. பள்ளிவாசல், கோயில், சீனர் கொங்சி (குலச் சங்கம்), தேவாலயம் ஆகியவற்றின் பழைய வீடுகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் விழுந்தன. ஏழைக் குடும்பங்கள் நகருக்குள் தங்க முடிந்தது, அது நல்லது. ஆனால் கூரை ஒழுகினால் ஓடு மாற்றக்கூட வாடகை போதவில்லை. சொத்து பெரிது, வருமானம் சிறிது. காகிதத்தில் செல்வம் இருந்தது, ஊருக்குப் பயன் இல்லை.

மற்ற காரணங்கள் எளியவை. அறங்காவலர் இறக்கிறார், அடுத்தவரை யாரும் நியமிப்பதில்லை. உயில் பெட்டிக்குள் போகிறது. வாரிசுகள் வழக்குக்குப் போகிறார்கள். மலேசியச் சட்டப்படி ஏழு ஆண்டு அசையாத வங்கிக் கணக்கு, கோரப்படாத பணமாகி அரசின் பதிவாளரிடம் போய்விடும். உரிமையாளர் கேட்டால் திரும்பக் கிடைக்கும், ஆனால் கேட்பதற்கு ஒருவர் உயிரோடு இருக்க வேண்டுமே.

விழித்த கதைகள்

பினாங்கின் வக்ஃபுகளும் கோயில் சொத்துகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இப்படித்தான் சிக்கிக் கிடந்தன. முத்தவல்லி (வக்ஃபு நிர்வாகி) பதவிக்குச் சண்டை, கணக்கில்லாத வாடகை, பள்ளிவாசல் வளாகத்துக்குள்ளேயே நெருங்கிப் பெருகிய குடியிருப்புகள். 1905இல் பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்ற அரசு முகமதிய, இந்து அறக்கொடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பினாங்கில் வாரியம் அமைந்தது. ஒரு சொத்தை வாரியம் எடுத்துக்கொள்ள மூன்று காரணங்கள் போதும்: நிர்வாகம் கெட்டிருப்பது, அறங்காவலரே இல்லாதிருப்பது, வாரியத்திடம் இருந்தால் அந்த அறத்துக்கே நன்மை என்று தோன்றுவது. மூன்றாவது காரணம்தான் முக்கியம். குற்றம் நடந்திருக்க வேண்டியதில்லை. சும்மா கிடப்பதே தலையிடப் போதுமான காரணம் என்று அது சொல்கிறது.

1910இல் வாரியம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைக் கட்டடக் கலைஞர் எச்.ஏ. நியூப்ரோனரின் வடிவமைப்பில் விரித்துக் கட்டியது. இன்று நாம் படமெடுக்கும் குவிமாடங்கள் பெரும்பாலும் அந்த விழிப்பின் விளைவு. குடியேற்ற அரசு மதச் சொத்தில் கை வைப்பது சரியா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, எழுந்திருக்கவும் வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் பாதைகள் பிரிந்தன: வக்ஃபுகளுக்கு மாநில இஸ்லாமிய மன்றம் ஒரே அறங்காவலர் ஆனது, இந்துக் கோயில் சொத்துகளைப் பினாங்கு இந்து அறப்பணி வாரியம் பார்க்கிறது. தண்ணீர்மலையில் படியேறி முருகனைப் பார்ப்பவர்கள் அந்த வாரியத்தின் பணியைத்தான் காலடியில் உணர்கிறார்கள். மாணவர்களுக்குக் கல்வி உதவியும் அது வழங்குகிறது.

தமிழ்நாட்டின் மிகப் பெரிய விழிப்பு பச்சையப்ப முதலியாருடையது. 1794 மார்ச்சில் உயில் எழுதிய அவர் அதே மாதம் திருவையாற்றில் இறந்தார். கோயில் கைங்கரியத்துக்கும் ஏழைகளுக்கும் கல்விக்கும் விட்டுச் சென்ற செல்வம் வழக்குகளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முடங்கியது. முடங்கிய காலத்தில் வட்டி சேர்ந்தது. சென்னை உச்ச நீதிமன்றமும் அரசு தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டனும் அக்கறை எடுத்து அதை மீட்டார்கள். கோயில் தர்மங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842 ஜனவரியில் பிராட்வேயில் ஒரு பள்ளி திறந்தது. அதுதான் வளர்ந்து பச்சையப்பன் கல்லூரி ஆயிற்று. எழுதியவர் இறந்து 48 ஆண்டுகள் கழித்து உயில் பேசத் தொடங்கியது. அந்தக் குரல் இன்றும் நிற்கவில்லை.

இந்த இரண்டு கதைகளுக்கும் பின்னால் ஒரே யோசனை இருக்கிறது. கொடையாளி சொன்னதை அப்படியே செய்ய முடியாதபோது, அவர் மனதுக்கு மிக நெருங்கியதைச் செய். ஆங்கிலேயச் சட்டத்தில் இதை சை-ப்ரே கோட்பாடு என்பார்கள். மலேசிய நீதிமன்றங்களும் அறிந்ததே. இஸ்லாமியச் சட்டத்தில், பயன் தராத வக்ஃபுச் சொத்தைப் பயன் தரும் வேறொன்றாக மாற்றும் இஸ்திப்தால் முறை உண்டு. பினாங்கின் பெருநிலப் பகுதியில் சீத்தி ஆயிஷா வக்ஃபு நிலத்தில், மாநில இஸ்லாமிய மன்றமும் ஒரு வீடமைப்பு நிறுவனமும் சேர்ந்து அடுக்குத் தொடர் வீடுகள் கட்டி 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தன. நிலம் வக்ஃபாகவே இருக்கிறது. வீடு மக்களிடம் இருக்கிறது.

உறக்கத்தை அளக்கவும் முடியும். இங்கிலாந்து, வேல்ஸில் அறக்கொடை ஆணையம், 2018இலிருந்து உள்ளூர் சமூக நிதியங்களோடு சேர்ந்து ஒரு திட்டம் நடத்துகிறது. ஐந்து ஆண்டாக வரவும் செலவும் இல்லாவிட்டால், அல்லது ஐந்து ஆண்டு மொத்த வருமானத்தில் 30 சதவீதத்துக்கும் குறைவாகவே செலவழித்திருந்தால், அந்த அறக்கட்டளையின் கதவைத் தட்டுகிறார்கள். குற்றம் சாட்டுவதில்லை, ‘உதவி வேண்டுமா?’ என்று கேட்கிறார்கள். வயதான அறங்காவலர்கள் பலருக்கு அந்தக் கேள்வி ஒரு விடுதலை. பணம் சமூக நிதியத்துக்கு மாறி, அதே ஊர் மக்களுக்கே போய்ச் சேருகிறது.

எதற்காக எழுப்புவது?

விழிக்க வைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு, ஜார்ஜ் டவுன் அதையும் பார்த்துவிட்டது. வாடகைக் கட்டுப்பாடு 2000இன் தொடக்கத்தில் நீங்கியது. 2008 ஜூலையில் நகரம் உலகப் பாரம்பரியத் தலமாயிற்று. உறைந்த வாடகை திடீரென உருகியது. தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் தெருவைவிட்டுப் போயின. ஹோட்டலும் காப்பிக்கடையும் வந்தன. அறச்சொத்தின் வருமானம் உயர்ந்தால் அது வெற்றிதானே என்று கணக்கர் சொல்வார். ஆனால் ஏழைக்கு உதவ எழுதிவைத்த வீட்டிலிருந்து ஏழையை வெளியேற்றி, வந்த பணத்தில் அதே ஏழைக்கு அரிசி மூட்டை கொடுப்பது உயிலின் மனதுக்கு நெருங்கிய செயல் ஆகாது. இந்த நகரத்தில் சந்தை விலைக்கு அடிபணியத் தேவையில்லாத நில உரிமையாளர்கள் மத அறக்கட்டளைகளும் கொங்சிகளும்தான். சில வீடுகளைக் குறைந்த வாடகையில் உள்ளூர்க் குடும்பங்களுக்கு வைத்திருப்பதே அவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய தர்மமாக இருக்கலாம்.

ஆகவே முதலில் வேண்டியது பொதுப் பதிவேடு: எந்தச் சொத்து, எந்த ஆண்டு, யாருக்காக எழுதப்பட்டது என்று யாரும் பார்க்கக்கூடிய ஒன்று. இரண்டாவது, ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு. மூன்றாவது, பழைய நோக்கத்தை இன்றைய தேவையோடு ஒப்பிட்டு வாசிக்கும் குழு. அதில் பெண்களும் இளைஞர்களும் குடியிருப்பவர்களும் இருக்க வேண்டும். நான்காவது வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது: மலேசியாவின் 1956ஆம் ஆண்டு அரசு நடவடிக்கைகள் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, ஓர் அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர், அரசு தலைமை வழக்கறிஞரின் எழுத்து அனுமதி பெற்று நீதிமன்றத்தை நாடலாம். இருவர் போதும்.

ஆனால் பெரும்பாலும் நீதிமன்றம் தேவைப்படாது. நம் கோயில், பள்ளிவாசல், சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று கேள்வி கேட்டால் போதும். நம்மிடம் என்ன சொத்து இருக்கிறது? அது யாருக்காக எழுதப்பட்டது? போன ஆண்டு அவர்களிடம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது? கேட்பவர் நிர்வாகிகளை அவமதிக்கவில்லை. எழுதிவைத்தவர் இருந்திருந்தால் அவரே கேட்டிருப்பார். அவர் இல்லாததால் அந்தக் கடமை நமக்கு வந்திருக்கிறது.