மின்வடத்தினுள்ளே ஒரு நோட்டம்

போர் ஓய்ந்த 2009-ஆம் ஆண்டுக்குப் பின்னர், கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு 1,32,000 வோற்று மின்சாரத்தை ஏந்திவரும் கோபுரங்கள் எழுந்தன. அக்கம்பிகளுக்குச் சுற்றியுள்ள காற்றே காவல். அதே மின்சாரத்தை மண்ணுக்கடியிலோ கடலடியிலோ வடத்தின் வழியே கொண்டுசெல்ல வேண்டுமாயின், ஏறத்தாழ ஒரு விரற்கடை தடிப்புள்ள பொலியெதிலீன் உறையே அக்காவலைச் செய்தல் வேண்டும்.

அவ்வுறை படும் பாட்டைச் சிறிது நோக்குவோம். இரு கம்பிகளுக்கிடையே 1,32,000 வோற்று எனின், ஒவ்வொன்றுக்கும் நிலத்துக்கும் இடையே ஏறத்தாழ 76,000 வோற்று. கடத்தியின் ஆரை 15 மில்லிமீற்றர், உறையின் தடிப்பு 20 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். கடத்தியை ஒட்டிய இடத்தில் மின்புலம் மில்லிமீற்றருக்கு 6,000 வோற்று. வெளிவிளிம்பிலோ 2,600 வோற்றுத்தான். உறையினுள் தட்டையான காற்றுக்குமிழி ஒன்று குறுக்கே அமைந்துவிட்டால், அதனுள் மின்புலம் இரு மடங்குக்கும் மேலாகிறது. வலிமை குன்றிய காற்றின் மீதே பெருஞ்சுமை விழுகிறது! அங்கே தோன்றும் நுண்பொறிகள் மரக்கிளைபோற் படர்ந்து, ஈற்றில் வடத்தையே அழித்துவிடும்.

நேரிய வடத்துக்கு ஒரு சூத்திரம் போதும். ஆனால் வடம் முடியுமிடத்திலும் இணையுமிடத்திலும் மின்புலம் நெருக்குண்டு வளைகிறது. ஆங்கே எளிய சூத்திரம் உதவாது. கோணல்மாணலான காணியை நில அளவையாளர் முக்கோணங்களாகப் பிரித்து அளப்பதில்லையா? அவ்வாறே வடத்தின் வெட்டுமுகத்தைப் பல்லாயிரஞ் சிறு முக்கோணங்களாக்கி, ஒவ்வொன்றையும் அயலதனோடு பொருத்தி விடைகாண்பதே ‘முடிவுறு மூலக முறை’. 1943-இல் கணித அறிஞர் கூரான்ற் முக்கோணங்களைக் கையாண்டு வழிகாட்டினார். 1960-இல் பொறியியலாளர் கிளஃப் அம்முறைக்குப் பெயரிட்டார். மின்காந்தத் துறையில் இதனை வளர்த்தோருள் யாழ்ப்பாணத்தவரான பேராசிரியர் இரட்ணஜீவன் ஹூலும் ஒருவர். மின்காந்தச் சாதனங்களைக் கணினியால் ஆராய்ந்து வடிவமைப்பது பற்றிய அவரது ஆங்கில நூல் 1989-இல் வெளிவந்தது.

எனினும், கணினி முற்றுமுணர்ந்த முனிவரன்று. நாம் வரைந்து கொடுத்த வடத்துக்கே அது விடை கூறும். நாம் வரையாத குமிழியை அதுவுங் காட்டாது. ஆதலினாலேயே உண்மையான வடத்தைச் சோதனைச்சாலையில் உயரழுத்தத்துக்கு உட்படுத்திப் பார்க்கின்றனர். மாணவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நன்று: மென்பொருள் தீட்டும் வண்ணப்படத்தைக் கண்டு மகிழுமுன், நேரிய வடத்தை அதற்குக் கொடுத்து, கையாற் கணித்த விடையோடு ஒப்புநோக்குக. அந்த 6,000 வாராவிடின், பிழையை முதலில் நாம் கொடுத்த தரவிலே தேடுக.