உஷார்! பேக்கப் லாக்கில் 'வால்யூம்' கோளாறு தெரிந்தால் அன்றைக்கே பாருங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் கணக்காய்வு அலுவலகம் வைத்திருப்பவராகட்டும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மொத்த வியாபாரம் செய்பவராகட்டும், உங்கள் மேசைக்கடியில் ஒரு விண்டோஸ் செர்வர் ஓடிக்கொண்டிருந்தால் இன்று கடையைச் சாத்துவதற்குள் அதன் பேக்கப் லாக்கையும் சிஸ்டம் லாக்கையும் திறந்து பார்த்துவிடுங்கள். வால்யூமில் இடம் போதவில்லை, ஷேடோ காப்பி (ஒரு வால்யூமின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் பிரதி) எடுக்க முடியவில்லை, ஷேடோ காப்பிகள் நீக்கப்பட்டன என்று ஏதாவது ஒரு வரி கண்ணில் பட்டால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். நேற்றிரவு பேக்கப் நடக்கவில்லை என்பதோடு போகிற விஷயமில்லை அது. மாதக்கணக்கில் சேர்த்த பழைய பேக்கப் முழுவதும் ஏற்கெனவே அழிந்து போயிருக்கலாம்.

பலரையும் குழப்புகிற கோளாறு ஒன்று உண்டு. சி டிரைவில் நூற்றுக்கணக்கான ஜிபி காலியாக இருக்கும். பேக்கப் டிஸ்க்கிலும் தாராளமாக இடமிருக்கும். ஆனால் லாக், ஷேடோ காப்பி எடுக்க இடமில்லை என்று சொல்லும். பிழை எண் 80780119 என்று முடியும். டிரைவ் எழுத்து எங்கும் இருக்காது. வால்யூம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம் ஒன்று இருந்தாலே அதிகம். இடம் போதாதது சி டிரைவிலோ டி டிரைவிலோ அல்ல. விண்டோஸ் தன் பூட் ஃபைல்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும், எழுத்தில்லாத சின்னப் பார்ட்டிஷனில்தான். 500 எம்பிக்குக் குறைவான வால்யூமில் குறைந்தது 50 எம்பி காலியாக இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வால்யூமில் 320 எம்பி. அந்தச் சின்னப் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டால் மொத்த பேக்கப்பும் படுத்துவிடும். கமாண்ட் பிராம்ப்டில் 'மவுண்ட்வால்' என்று அடித்தால் எந்தச் சரம் எந்த டிரைவுக்கு உரியது, எது எழுத்தில்லாதது என்பது தெரிந்துவிடும்.

இங்கே ஒரு குறுக்குவழி புழங்குகிறது. தயவு செய்து அதை அனுமதிக்காதீர்கள். பேக்கப் பட்டியலில் அந்தச் சின்னப் பார்ட்டிஷனுக்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் கோளாறு மறைந்துவிடும். மறுநாளே பச்சை அடையாளம் வந்துவிடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் செர்வரே எரிந்துபோகும் நாளில், வேறொரு பெட்டியில் முழு சிஸ்டத்தையும் அப்படியே மீட்டெடுக்க அந்த பேக்கப் உதவாது. ஷேடோ காப்பிக்கான இடத்தை வேறு வால்யூமுக்கு மாற்றிக் கொடுப்பதோ, பார்ட்டிஷனைப் பெரிதாக்குவதோதான் முறையான வழி.

இதைவிட ஆபத்தானது பேக்கப் லாக்கில் வரவே வராது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாக்கைத் திறந்து, 'வால்ஸ்நாப்' என்ற பெயரில் 25 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். விண்டோஸ் செர்வர் பேக்கப் தனக்கென்று ஒதுக்கப்பட்ட டிஸ்க்கில் ஒவ்வொரு இரவும் தனித்தனிப் பிரதி எடுத்து அடுக்கி வைப்பதில்லை. புதிய பிரதி ஒன்றுதான் முழுசாக இருக்கும். போன வாரம், போன மாதம் எல்லாம் அந்த டிஸ்க்கிலேயே ஷேடோ காப்பிகளாகத்தான் நிற்கும். மெதுவான யூஎஸ்பி டிஸ்க்கில் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி எழுதும்போது, ஷேடோ காப்பிக்கான இடம் சமயத்துக்கு விரிய முடியாமல் போனால், விண்டோஸ் அந்த வால்யூமில் இருக்கும் ஷேடோ காப்பிகள் அத்தனையையும் தூக்கி எறிந்துவிடும். 25 என்ற எண்ணுக்கு அதுதான் அர்த்தம். மறுநாள் இரவு பேக்கப் ஒழுங்காக முடியும். பச்சை அடையாளம் விழும். யாரும் எதுவும் கவனிக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து, மார்ச் மாதத்துக் கணக்கு ஃபைல் கெட்டுப்போனது தெரிந்து பழைய பிரதியைத் தேடினால், கெட்டுப்போன ஃபைலின் பிரதிகள்தான் கையில் இருக்கும்.

அதனால் பச்சை அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள். 'டபிள்யூபிஅட்மின் கெட் வெர்ஷன்ஸ்' என்ற கமாண்டைக் கொடுத்து எத்தனை தேதிகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நெட்வொர்க் ஃபோல்டருக்கு பேக்கப் எடுப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே எப்போதும் கடைசிப் பிரதி ஒன்றுதான் இருக்கும், புதியது பழையதன் மேலேயே எழுதப்படும். பாதியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று ஆகிவிடலாம்.

ஷேடோ காப்பிகள் காணாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வானாக்ரை ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டியதோடு நிற்காமல், ஷேடோ காப்பிகளை நீக்கும் கமாண்டையும் பேக்கப் விவரப் பட்டியலான கேட்டலாக்கை அழிக்கும் கமாண்டையும் ஓட்டியது. இரண்டுமே விண்டோஸுக்குள் இருக்கிற கமாண்ட்கள்தான். வால்ஸ்நாப் 25 பதிவே இல்லாமல் ஷேடோ காப்பிகள் மறைந்திருந்தாலோ, கேட்டலாக் காலியாக இருந்தாலோ முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், பேக்கப் டிஸ்க்கைக் கழற்றுங்கள். அடுத்த பேக்கப் ஓட விடாதீர்கள். நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். 2025 மார்ச்சில் கேஎல்ஐஏ விமான நிலைய கணினிகளைத் தாக்கியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். கொடுக்க மறுத்துவிட்டதாகப் பிரதமர் அன்வார் இப்ராஹிமே அறிவித்தார்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை நேர இடிமழை வேறு. திடீரென்று கரண்ட் போய்த் திரும்பும் இரவுகளில் என்டிஎஃப்எஸ் 55, டிஸ்க் 7, டிஸ்க் 153 என்ற பதிவுகள் சிஸ்டம் லாக்கில் விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால் உடனே 'செக்டிஸ்க்' ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. டிஸ்க்கே சாகக் கிடந்தால் அந்தச் சோதனையே அதன் கதையை முடித்துவிடும். முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள், பழுது பார்ப்பது அதற்குப் பிறகு.

2021 டிசம்பர் 18-ஆம் தேதி தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கியது. செர்வரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசைக்கடியில் இருந்தால் அப்படியொரு வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு டிஸ்க்காவது வேறு இடத்தில் இருக்கட்டும். ஆனால் மாற்றிமாற்றி வைக்க வாங்கும் புது டிஸ்க்குக்குப் பழைய டிரைவ் எழுத்தையே கொடுத்துவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். விண்டோஸ் டிஸ்க்கை எழுத்தைக் கொண்டு அடையாளம் காண்பதில்லை. பேக்கப் அட்டவணையில் முறையாகச் சேர்க்காத டிஸ்க்கைச் செருகினால், பேக்கப் வைக்கும் இடத்தைக் காணவில்லை என்றுதான் லாக்கில் எழுதும்.

வருமான வரிச் சட்டம் கணக்குகளை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவல் தொலைந்து, அதனால் அவருக்குப் பெரும் பாதிப்பு வரக்கூடுமென்றால், 2025 ஜூன் 1 முதல் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் 250,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'பேக்கப் இருக்கிறது என்றுதான் நினைத்தோம்' என்று அங்கே சொல்லித் தப்ப முடியாது. விண்டோஸ் செர்வர் 2012 இன்னும் ஓட்டுபவர்கள் கூடுதலாகப் பயப்பட வேண்டும். மைக்ரோசாஃப்ட் அதற்குக் கொடுத்துவந்த ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

இந்த வாரத்திலேயே மூன்று மாதத்துக்கு முந்திய ஒரு கணக்கு ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மீட்டெடுத்து, கணக்கு மென்பொருளில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை, அல்லது அந்தத் தேதியே பட்டியலில் இல்லை என்றால் பேக்கப்பைப் புதிதாக அமைக்கத்தான் வேண்டும். அப்போது கவனம்! பேக்கப்புக்கென்றே ஒரு டிஸ்க்கை ஒதுக்கும்போது, அதை ஃபார்மட் செய்யப் போவதாக ஒரு பெட்டி திரையில் கேட்கும். மிச்சமிருக்கிற ஒரே பிரதி அந்தப் பழைய டிஸ்க்கில் இருக்கும்போதே அவசரத்தில் 'யெஸ்' அழுத்துகிறவர்கள் உண்டு. புது டிஸ்க் ஒன்று வாங்கி அதைக் கொடுங்கள். பழையதைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, அலுவலகத்துக்கு வெளியே பத்திரமாக வையுங்கள்.