அனிச்சைச் செயல்

கலவையில் ஒரு வீட்டு அடுப்பங்கரையைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். கொதிக்கும் பாத்திரத்தில் விரல் பட்டது. 'சுடுகிறது' என்று எண்ணுமுன்பே கை விலகிவிட்டது. இத்தகைய செயலை ஆங்கிலத்தில் 'ரிஃப்ளெக்ஸ்' என்பர். திரும்பி வளைதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. கண்ணாடியில் பட்ட ஒளி மீள்வதுபோல, தோலில் எழுந்த உணர்ச்சி உள்ளே சென்று தசையின் அசைவாக மீள்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் இச்சொல்லை இப்பொருளில் ஆண்டார். மனத்தின் ஏவலின்றியே தண்டுவடம் இதனை நடத்துகிறது என்று 1833-இல் மார்ஷல் ஹால் விளக்கினார்.

தமிழில் இதனை அனிச்சைச் செயல் என்கிறோம். இச்சை கலவாத செயல் என்பது பொருள். ஆங்கிலச் சொல் உணர்ச்சி செல்லும் வழியைக் காட்டுகிறது. நம் சொல் மனத்தின் விலகலைக் காட்டுகிறது.

இச்செயல் நின்றுவிட்டால் என்ன நேரும்? விடை வேலூரிலேயே கிடைத்தது. 1946-இல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் குறைவதேன் என்று ஆராய்ந்தார். விரல்கள் தாமாக அழுகி விழவில்லை. நரம்புகள் உணர்விழந்தமையால் சூடும் வெட்டும் தெரியவில்லை, கை விலகவில்லை, புண்மேல் புண் விளைந்தது. உணர்வு காக்காத உறுப்பைக் கண்ணும் கருத்தும் காக்க வேண்டும் என்று நோயாளருக்குக் கற்பித்தனர். உணர்வற்ற பாதங்களுக்கென மெத்தென்ற ரப்பர்ச் செருப்புகளும் செய்யப்பட்டன.

ஆகவே மாணவர்களே, நோவைப் பகையென்று வெறுக்க வேண்டா. நாம் கேளாமலே நம்மைக் காக்கும் காவலன் அது.